இல்லை என்று சொல்லாத சர்வர்

"மாமா! சர்வர் செத்துப் போயிடுத்து. நாளைக்குக் காலம்பர நான் வர முடியாது."

ராத்திரி பதினொன்றரை மணிக்கு டெலிபோனில் என் மருமான் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சர்வர் என்றால் ஒரே அர்த்தந்தான். கச்சேரி ரோடுப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் வெகு காலமாக எனக்குக் காப்பி கொண்டுவந்து வைக்கும் மனிதரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. "அடடா! சாயங்காலங்கூடப் பார்த்தேனே! நன்றாகத்தானே இருந்தார்?" என்றேன். மறுமுனையில் ஒரு கணம் மௌனம். பிறகு பையன் சிரித்தான். சிரிக்கக்கூடிய நிலைமையில் அவன் அப்போது இல்லை என்பது மறுநாள் சாயங்காலந்தான் எனக்குத் தெரிந்தது.

செத்துப் போனது மனிதர் அல்ல, யந்திரம். என் மருமான் தரமணியில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். தென்சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் நமக்கு வேண்டாம். எந்தப் படுக்கையில் யார், அவருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்ற கணக்கையெல்லாம் அவன் கவனித்துக்கொள்ளும் யந்திரம்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. அன்று ராத்திரி அதற்கு மெமரி போதவில்லை. அவ்வளவுதான். நாற்பது நிமிஷம் அந்த ஆஸ்பத்திரியின் திரைகளெல்லாம் இருண்டு கிடந்தன. பழைய காலத்து நர்ஸ் அம்மாள் ஒருவர், யார் என்ன சொன்னாலும் கேளாமல், எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த நோட்டுப் புத்தகம் அன்று ராத்திரி மாடிக்கும் கீழுக்குமாக ஓடியது.

"மெமரி போதவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடுவதுதானே?" என்று நான் கேட்டேன். விஷயம் தெரியாதவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மெமரி என்பதை நினைவகம் என்று இன்றையப் பத்திரிகைகள் எழுதுகின்றன. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டிலே நாம் ஞாபகம் என்று சொல்வதற்கும் அதற்கும் அதிகச் சம்பந்தமில்லை. நெடுநாள் இருக்க வேண்டிய கணக்கெல்லாம் வேறு ஒரு தட்டில் பத்திரமாக இருக்கிறது. மெமரி என்பது சமையல் மேடை. வேலை நடக்கும்போது காய்கறியையும் பாத்திரத்தையும் பரப்பி வைத்துக்கொள்ளும் இடம். ஒரு யந்திரத்துக்குள்ளே நூற்றுக்கணக்கான புரோகிராம்கள் ஒரே மேடையில் சமைக்கின்றன. ஒவ்வொன்றும் வேலைக்கு நடுவில் திரும்பி, "இன்னும் ஒரு முழம் இடம் வேண்டும்" என்று கேட்கிறது. மேடையோ எவ்வளவு பெரிதானாலும் ஒரு நாள் நிறைந்துதான் தீரும். நிறைந்த பிறகு கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? அறுபது வருஷத்துக்கு மேலாகப் பெரிய பெரிய மூளைகள் இந்தக் கேள்வியைச் சுற்றி வந்திருக்கின்றன. அந்தச் சரித்திரத்தில் ஒரு பகுதி நம் அடையாற்றிலேயே நடந்தது.

கிண்டிக் காட்டின் ஓரத்தில், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ம் வருஷம் ஐ.ஐ.டி. ஆரம்பமாயிற்று. 1973-ம் வருஷம் அங்கே ஐ.பி.எம். 370/155 என்ற கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கான்பூரிலிருந்து வந்த பேராசிரியர் மகாபலா அந்தக் கம்ப்யூட்டர் நிலையத்தைக் கட்டி வளர்த்தார். அந்த ரகத்துக்குக் கூடியபட்ச மெமரி 2 மெகாபைட். இன்று என் சட்டைப்பையில் இருக்கும் டெலிபோனில் பேரன் எடுக்கும் ஒற்றைப் புகைப்படம் அதைவிடப் பெரிது! இருந்தும் அந்த யந்திரம் ஒரு தேசத்துக்கே பெருமையாக இருந்தது. மாணவர்கள் துளையிட்ட அட்டைக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம் அது.

அந்த வம்சத்து யந்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வேலை ஆரம்பிக்கும் முன்பே, "எனக்கு இவ்வளவு இடம் வேண்டும்" என்று அட்டையிலே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் அதிகமாகக் கேட்பதற்கும் இரண்டு விதம் வைத்திருந்தார்கள். "இருந்தால் கொடு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்" என்று கேட்கலாம். அல்லது, "கொடுத்தே ஆக வேண்டும்" என்று கேட்கலாம். இரண்டாவது விதமாகக் கேட்டு, இடமும் இல்லாவிட்டால், கேட்டவன் கதை அங்கேயே முடிந்தது. காகிதத்தில் 80ஏ என்பது போன்ற ஒரு குறி அச்சாகி வரும். கறாரான நிர்வாகம்தான். ஆனால் அதிலே பொய் இல்லை. யார் சாகிறார், எதற்காகச் சாகிறார் என்பது தெளிவாக இருந்தது. பேராசை கொண்டவன் செத்தான். பக்கத்து வீட்டுக்காரன் சாகவில்லை.

நம் ஹோட்டல் சர்வரும் இந்த ஜாதிதான். மாவு தீர்ந்துவிட்டால், நாம் உட்காரும்போதே, "தோசை ஆயிடுத்து, உப்புமா இருக்கு" என்று சொல்லிவிடுவார். கோபம் வரும். ஆனாலும் எழுந்து வேறு ஹோட்டலுக்குப் போக நமக்கு நேரம் இருக்கிறது.

இதற்கு நாலு வருஷம் முன்னால், இதைவிடச் சின்ன யந்திரம் ஒன்று, இதைவிடப் பெரிய இக்கட்டில், இந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலை உலகமே ரேடியோவில் கேட்டது. 1969-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி. ஆர்ம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று கம்ப்யூட்டரில் 1202 என்ற எச்சரிக்கை எண் தோன்றுகிறது. பிறகு மறுபடியும். பிறகு 1201. இரண்டுக்கும் அர்த்தம் ஏறக்குறைய ஒன்றேதான்: புதிதாக ஒரு வேலை வந்து இடம் கேட்கிறது, கொடுக்க இடம் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் எழுதி அழிக்கக்கூடிய மெமரி வெறும் 2,048 சொற்கள். வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் 12 சொல் அளவுள்ள ஒரு சின்ன மணைப் பலகை. இத்தனை பலகைதான் என்று கணக்கு. அன்றைக்கு வேண்டாத வேளையில் ஒரு ரேடார் கருவி, அர்த்தமில்லாத சமிக்ஞைகளை அனுப்பி, யந்திரத்தின் நேரத்தில் சுமார் 13 முதல் 15 சதவிகிதத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஆகவே பழைய வேலைகள் முடியவில்லை, பலகைகள் காலியாகவில்லை, புதியவர்கள் வாசலில் குவிந்துவிட்டார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பந்தியில் இடமில்லை என்றால் என்ன செய்வது என்று, பல வருஷங்களுக்கு முன்பே எம்.ஐ.டி.யில் ஹால் லேனிங் என்பவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தார்கள். யந்திரம் எல்லா வேலையையும் ஒரு நொடியில் கீழே போட்டது. பிறகு எதை விட்டால் மனிதன் சாவானோ அதை மட்டும், விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. கப்பலைச் செலுத்துவது தொடர்ந்தது. திரையில் கணக்குக் காட்டுவது போன்ற சில்லறை வேலைகள் காத்திருந்தன.

பூமியிலே ஹூஸ்டன் நகரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அதே அளவு முன்யோசனை இருந்தது. அதுவும் ஒரு தோல்வியினால் வந்த முன்யோசனை. சில நாள் முன்பு நடந்த ஒத்திகையில் இதே மாதிரி ஓர் எண் வந்து, அர்த்தம் தெரியாமல், "இறங்க வேண்டாம், திரும்பிவிடுங்கள்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார்கள். தவறு என்று தெரிந்ததும் எல்லா எண்களுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று ஜாக் கார்மன் என்ற 24 வயதுப் பையன் கையால் எழுதி ஒரு பட்டியல் வைத்துக்கொண்டான். நிஜமாக 1202 வந்தபோது அந்தப் பட்டியல் அவன் கண்ணெதிரே இருந்தது. 26 வயதான ஸ்டீவ் பேல்ஸ், "போகலாம்" என்றான். போனார்கள். நம் ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாளின் நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொண்டேன்.

இப்படி ஒழுங்காக ஆரம்பித்த வம்சத்தில் பொய் எப்படிப் புகுந்தது?

முதலில் அது பொய்யாக வரவில்லை, சாமர்த்தியமாக வந்தது. மான்செஸ்டர் நகரத்தில் 1962-ம் வருஷம் ஓட ஆரம்பித்த அட்லஸ் என்ற யந்திரத்தில், மேடையில் இடம் போதாதபோது, உடனே வேண்டாத சாமான்களைப் பரணில் ஏற்றிவிட்டு, கேட்கும்போது எடுத்துத் தரும் வித்தையைச் செய்து காட்டினார்கள். புரோகிராமுக்கு, மேடை பெரிதாக இருப்பதுபோலத் தோன்றும். ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் 370 வரிசைக்கு இந்த வித்தையை 1972-ம் வருஷம் ஆகஸ்டு மாதந்தான் அறிவித்தார்கள். நம் அடையாற்றுக்கு வந்த 155 ரகம் அதற்கு முந்திப் பிறந்தது. அந்த ரகத்துக்கு இந்த வித்தை வேண்டுமானால் தனியாகப் பணம் கொடுத்து ஒரு பெட்டியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர்கள் முணுமுணுத்ததில் ஆச்சரியமில்லை.

பரணில் ஏற்றுவது நியாயமான காரியம். பரண் இருக்கிறது, சாமான் பத்திரமாக இருக்கிறது. ஆனால் யூனிக்ஸ் குடும்பத்தில் இன்னொரு பழக்கம் வந்தது. அங்கே ஒரு புரோகிராம் புது வேலையைத் தொடங்க வேண்டுமானால், முதலில் தன்னைப்போலவே ஓர் இரட்டைப் பிள்ளையைப் பெறுகிறது. தாயிடம் நூறு அண்டா இருந்தால் பிள்ளைக்கும் நூறு அண்டா என்று கணக்கு. ஆனால் அந்தப் பிள்ளையோ பெரும்பாலும் பிறந்த மறுகணமே அண்டாக்களையெல்லாம் உதறிவிட்டு வேறு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறது. அதற்காக நூறு அண்டாவை நிஜமாகவே வாங்கி அடுக்குவானேன்? "உனக்கும் நூறு உண்டு" என்று வாயால் சொல்லிவிட்டுப் பழைய அண்டாக்களையே காட்டினால் போயிற்று! தவிர, புரோகிராம்களும் லேசுப்பட்டவை அல்ல. பத்து முழம் கேட்டுவிட்டு இரண்டு முழத்தில் சமைத்துவிட்டுப் போகிறவை அநேகம். ஆகவே 1991-ம் வருஷம் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த லினக்ஸ், நாளடைவில் ஒரு தாராளப் பிரபுவாக வளர்ந்தது. கேட்டவர்களுக்கு அநேகமாக இல்லை என்று சொல்வதே இல்லை. இன்று உலகத்து சர்வர்களில் மிகப் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன.

இதைக் கேட்டதும் எனக்கு ஆர்பத்நாட் ஞாபகம் வந்தது.

சென்னையில் பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று மூன்று பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள் இருந்தன. ஆர்பத்நாட்டில் பணம் போட்டுவிட்டால் மலையிலே போட்ட மாதிரி என்று ஜனங்கள் நம்பினார்கள். 1906-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி, திங்கட்கிழமை, அந்த மலை சரிந்தது. லண்டன் கூட்டாளி தலைகால் தெரியாமல் போட்ட முதலீடுகள் அதற்குக் காரணம். அவர் ரெயிலின் முன் பாய்ந்து உயிரை விட்டார். இங்கே ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்காக வழக்காடியவர்களில் முன்னணியில் நின்றவர் நம் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த வருஷமே, 1907 ஆகஸ்டு 15-ந் தேதி, அவருடைய முயற்சியால் இந்தியன் பாங்கி வியாபாரம் தொடங்கியது.

என் மருமானிடம் இதைச் சொல்லி, "உன் லினக்ஸும் ஆர்பத்நாட்டும் ஒன்றுதானே?" என்று மடக்கினேன். அவன் மடங்கவில்லை. "மாமா, கிருஷ்ணசாமி ஐயர் ஆரம்பிச்ச பாங்கியிலே மட்டும் போட்ட பணமெல்லாம் பெட்டியிலேயே இருந்ததா? வாங்கின பணத்தைக் கடன் கொடுத்தாத்தானே பாங்கி? எல்லாரும் ஒரே நாளிலே வந்து கேக்கமாட்டாங்கிற நம்பிக்கைதான் ரெண்டுக்கும் முதல். வித்தியாசம் எங்கேன்னா, கேக்க வந்துட்டா என்ன செய்யறதுன்னு யோசிச்சு வெச்சிருக்காங்களா இல்லையாங்கிறதிலே" என்றான்.

சரியான பதில். ஒப்புக்கொண்டேன். அப்படியானால் லினக்ஸ் என்ன யோசித்து வைத்திருக்கிறது?

கொலை! நான் மிகைப்படுத்தவில்லை. அந்தப் பகுதிக்குப் பெயரே ஓ.ஓ.எம். கில்லர், அதாவது மெமரி தீர்ந்தால் வரும் கொலைகாரன். 1998-ம் வருஷம் ரிக் வான் ரீல் என்பவர் எழுதியது. 2010-ல் அதன் கணக்கை மாற்றி அமைத்தார்கள். கொடுத்த வாக்கையெல்லாம் காப்பாற்ற முடியாத நிமிஷத்தில் அது எழுந்து, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களுக்கெல்லாம் மார்க்குப் போடுகிறது. மெமரியை அதிகமாக வைத்துக்கொண்டிருப்பவனுக்கு அதிக மார்க்கு. முதல் மார்க்கு வாங்கியவன் தலை உருள்கிறது. ஓர் எச்சரிக்கை, ஒரு நோட்டீசு, ஒன்றும் கிடையாது.

கழுமரத்துக்குத் தக்க பருமன் குற்றவாளிக்கு இல்லை என்பதற்காக, தெருவில் போன ஒரு பருத்த மனிதனைப் பிடித்து ஏற்றிய ராஜாவின் கதையை நாம் குழந்தைப் பருவத்தில் கேட்டிருக்கிறோம். அன்று ராத்திரி ஆஸ்பத்திரி யந்திரத்தில் அதுதான் நடந்தது. மாதக் கடைசிக் கணக்குக்காக நூற்றுக்கணக்கான குட்டிப் புரோகிராம்கள் கிளம்பியிருக்கின்றன. ஒவ்வொன்றும் சின்னது, ஆகவே ஒன்றுக்கும் மார்க்கு இல்லை. எல்லாருக்கும் கணக்குகளை வைத்துக் காத்துக்கொண்டிருந்த போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ்தான் அங்கே பருத்த ஆசாமி. அதன் ஒரு கை வெட்டுப்பட்டது. ஒரு கை போனால், பொதுவில் வைத்திருக்கும் கணக்கு கலைந்திருக்கலாம் என்று சந்தேகித்து, அது தன் மற்றக் கைகளையும் தானே வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுந்திருக்கும். இது அதன் நற்குணம். எழுந்தது. குட்டிகள் மறுபடியும் வந்து மொய்த்தன. மறுபடியும் கொலை. மூன்று தடவை.

"அப்படியானால் அந்தத் தாராளத்தை நிறுத்திவிட முடியாதா?"

முடியும். இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுக்காதே என்று லினக்ஸுக்குக் கட்டளையிட ஓர் எண் இருக்கிறது. அதை 2 என்று வைக்க வேண்டும். போஸ்ட்கிரஸின் கையேடே அதைத்தான் சிபாரிசு செய்கிறது. இன்ன புரோகிராமைத் தொடாதே என்று கொலைகாரனிடம் சொல்லி வைக்கவும் வழி உண்டு. அதற்கு எண் கழித்தல் 1000. குட்டிகளின் கூட்டத்துக்கு ஒரு வேலி போட்டு, அதற்குள் அடித்துக்கொள்ளட்டும் என்று விடலாம். மூன்றையும் மறுநாளே செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த யந்திரம் அடையாற்றுப் பழைய யந்திரம் மாதிரி, இல்லாவிட்டால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆரம்பித்தது.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அதற்கு அடுத்த வாரம் பையன் வந்தபோது முகம் முன்னைவிட வாடியிருந்தது. சர்வர் இல்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. புரோகிராம்களுக்குத்தான் அதைக் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை!

கேட்டால் எப்போதும் கிடைத்தே பழகியவர்கள் அல்லவா? சி என்ற பாஷையில் இடம் கேட்டு, இல்லை என்றால், பதிலாக ஒரு பூஜ்யம் வரும். பூஜ்யமா என்று பார்த்துவிட்டு மேலே போ என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பூஜ்யத்தையே வீட்டு விலாசம் என்று நினைத்துக்கொண்டு நுழைந்து மண்டையை உடைத்துக்கொள்கிறவை பாதி. இல்லை என்று கேட்டவுடனே, விசாரிக்காமல், தூக்கு மாட்டிக்கொள்கிறவை மீதி. சில பேர் இதையே கொள்கையாகச் சொல்கிறார்கள்: "இடமில்லாத இடத்தில் தடுமாறிக்கொண்டு நிற்பதைவிட, செத்துப் பிறப்பது மேல்" என்று. சின்னப் புரோகிராமுக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆயிரம் பேர் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் சர்வருக்கு அது நியாயம் என்று எனக்குப் படவில்லை. ஒருவனுக்கு இடமில்லை என்றால் அவன் கேட்ட காரியத்தை மட்டும் கைவிட்டு, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்தவனைக் கவனிக்க வேண்டாமா? போஸ்ட்கிரஸ் அதைச் செய்கிறது. கேட்ட கேள்விக்கு மட்டும் மெமரி இல்லை என்று பதில் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குத் தொடர்ந்து பரிமாறுகிறது.

இதை எப்படிப் பழக்குவது? ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-ம் வருஷம் எஸ்.க்யூ.லைட் என்ற சின்ன டேட்டாபேஸை வெளியிட்டார். இன்று அநேகமாக எல்லோருடைய கை டெலிபோனுக்குள்ளும் அது இருக்கிறது. அவர்கள் செய்யும் சோதனை விசித்திரமானது. ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லி, முதல் தடவை இடம் கேட்கும்போதே வேண்டுமென்று இல்லை என்கிறார்கள். தடுமாறாமல் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, இரண்டாவது தடவை கேட்கும்போது இல்லை. பிறகு மூன்றாவது. இப்படியே, ஒரு இல்லையும் குறுக்கிடாமல் அந்தக் காரியம் முடிகிற வரைக்கும். நம் வீடுகளில் சில குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை தேவை என்று நான் சொன்னேன்; மருமான் என்னைப் பார்த்த பார்வையில், சில மாமாக்களுக்கும் என்று இருந்தது.

இப்போது ஒரு மாதமாக அவனும் ராத்திரி வேளையில், ஆஸ்பத்திரி யந்திரத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, இதையேதான் செய்துகொண்டிருக்கிறான். முதல் நாள் 17-வது இல்லையிலேயே விழுந்தது. திருத்தினான். பிறகு 40, பிறகு 90 என்று ஏறியது. நேற்று 212-ல் ஒன்று அகப்பட்டதாம். அது விழவில்லை, அதனாலேயே அதுவரையில் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. மெமரி இல்லை என்று பதில் வந்ததும், மருந்து வேளையைக் காட்டும் பகுதி, ஒன்றும் சொல்லாமல், ஒரு வெறும் கட்டத்தைக் காட்டிவிட்டு மேலே போய்விடுகிறது. கட்டம் வெறுமையாக இருந்தால், இந்த நோயாளிக்கு இந்த வேளையில் மருந்து கிடையாது என்றுதான் பார்க்கிறவர்கள் அர்த்தம் செய்துகொள்வார்கள்.

அதைத் திருத்த இரண்டு நாள் பிடிக்கும் என்றான். அதுவரைக்கும் அந்த நர்ஸ் அம்மாள் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதை யாரும் தடுக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறானாம். அம்மாள், யாரும் தடுத்திருந்தாலும் நிறுத்தியிருக்கப் போவதில்லை என்று பதில் சொல்லி அனுப்பினாராம்.